கையைக் கட்டிக்கிட்டுப் பாடச் சொல்லலாமா? ஒரு ரெக்கோர்டர் கதை, கூடவே கொஞ்சம் வரலாறு

இது நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது காப்பியோட உக்காந்து படிங்க. பாதியில விட்டுட்டு கமெண்டுல சண்டைக்கு வராதீங்க, முழுசாப் படிச்சுட்டு வாங்க.

போன நவராத்திரியில நடந்தது. கொலு மேடைக்கு முன்னால சின்னப் பிள்ளைங்க பாடுற நேரம். மைக் என் கையில. வரிசையில நின்ன ஒரு பையன், ஆண்டு 4 படிக்கிறவன், தன் முறை வந்ததும் பள்ளிப் பையைத் திறந்து ரெக்கோர்டரை எடுத்தான். பள்ளியில வாங்கச் சொல்லுவாங்களே, துணிப் பையில போட்ட அந்த வெள்ளைக் குழல். "அங்கிள், இதுல ஒரு பாட்டு வாசிக்கட்டா?"ன்னு கேட்டான். நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல இருந்த பெரியவர் ஒருத்தர், கோபமாக் கூட இல்ல, சாதாரணமாத்தான் சொன்னார்: "தம்பி, அந்த பிளாஸ்டிக் பீப்பியை உள்ள வை. இது அம்பாள் சன்னிதி. கையைக் கட்டிக்கிட்டு நல்லபிள்ளையா ஒரு தேவாரம் பாடு."

பையன் கையைக் கட்டினான். பாட ஆரம்பிச்சான். மூணாவது அடியில மறந்துபோச்சு. எல்லாரும் கைதட்டினோம். அவன் இறங்கிப் போய் அம்மா பக்கத்துல உக்காந்தவன், மறுநாள்லேருந்து வரல. பெரியவரைக் குறை சொல்ல இதை எழுதல. மைக் என் கையில இருந்தும் நான் ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கணக்கு என்னுடையது.

அதுக்கப்புறம் பல நாள் மனசுல ஓடினது ஒரே கேள்விதான். இசை கத்துக்கிற பிள்ளை கையை ஏன் கட்டணும்? நம்ம பெரியவங்க அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்களா? தேடிப் படிக்கப் படிக்கத் தெரிஞ்சது, விஷயம் நேர் எதிர்.

முதல்ல நம்ம வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். திருஞானசம்பந்தர், ஏழாம் நூற்றாண்டு. சீர்காழியில மூணு வயசுல ஞானப்பால் உண்டு பாட ஆரம்பிச்சவர்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்கு அடுத்து அவர் போன தலம் எதுன்னு கேட்டா நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. சீர்காழிக்குப் பக்கத்திலேயே இருக்கிற திருக்கோலக்கா. அங்கே அந்தக் குழந்தை கையால் தாளம் போட்டுக்கொண்டு பாடியது. பிஞ்சுக் கை நோகுமே என்று இறைவன் ஐந்தெழுத்து பொறித்த பொற்றாளம் கொடுத்தார் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அந்தக் கோயிலுக்கே தாளமுடையார் கோயில்னு பேர். தங்கத் தாளத்துல சத்தம் எங்கே வரும்? அதனால அம்பாள் அதுக்கு ஓசை கொடுத்தாளாம். அவளுக்கு ஓசை கொடுத்த நாயகின்னு பேர்.

இதை பக்தியாப் படிங்க, கதையாப் படிங்க, உங்க விருப்பம். ஆனா கதை சொல்ற சேதியைப் பாருங்க. கைதட்டிப் பாடின குழந்தையைப் பார்த்து சாமி "கையைக் கட்டு"ன்னு சொல்லல. கையில ஒரு வாத்தியத்தைக் கொடுத்தார்.

அடுத்தது சரளி வரிசை. கர்நாடக இசையில எந்தப் பிள்ளை உக்காந்தாலும் முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்துல ஸ ரி க ம. இந்தப் பாடமுறையை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது வழிவழியா வந்த சேதி. விஜயநகரக் காலத்தவர். பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போன எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், வாய் திறக்கிறதுக்கு முன்னாடி வலது கை தொடைமேல போகணும். ஆதி தாளம்: ஒரு தட்டு, அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், திரும்ப ஒரு தட்டு, ஒரு வீச்சு, ஒரு தட்டு, ஒரு வீச்சு. மொத்தம் எட்டு. ஆறு வயசுப் பிள்ளைக்கு எட்டு எண்ணிக்கையை மனசுல வைக்கச் சொன்னா நழுவிடும். விரல்ல வச்சா நழுவாது. வாய் தப்பினாலும் கை போய்க்கிட்டே இருக்கும், அந்தக் கையைப் பிடிச்சு வாய் திரும்ப வந்து சேர்ந்துக்கும். நம்ம பையன் மூணாவது அடியில திணறினானே, அவனுக்கு வந்து சேர ஒண்ணுமே இல்லாமப் போச்சு. கை கட்டிக் கிடந்தது!

இது நம்ம ஊர்ப் பழக்கம் மட்டும் இல்ல. சாமவேதம் ஓதுறவங்க கட்டைவிரலால் மத்த விரல்களின் கணுவைத் தொட்டு ஸ்வரம் காட்டுவாங்க, இன்னிக்கும் பார்க்கலாம். ஐரோப்பாவில ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி இத்தாலியில கிதோ என்ற துறவி, தேவாலயத்துச் சிறுவர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். உள்ளங்கையிலும் விரல் கணுக்களிலும் ஸ்வரங்களைக் குறிச்சுக் காட்டுற ஒரு படம் அவர் பேரால 'கிதோவின் கை'ன்னு வழங்குது. ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எடுத்தாங்கன்னு நான் சொல்லல. அப்படிச் சொல்றதுக்கு வாட்ஸ்அப்ல வேற ஆளுங்க இருக்காங்க. பிள்ளைக்கு இசை சொல்லிக்கொடுக்க உக்காந்த எவருக்கும் முதல்ல கண்ணுல பட்டது அந்தப் பிள்ளையோட கைதான், அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சாரா குளோவர் என்ற அம்மையார் ஏழைப் பிள்ளைகளுக்காக எளிய ஸ்வர எழுத்துமுறை ஒன்றை உண்டாக்கினார். ஜான் கர்வன் என்ற பாதிரியார் அதை விரிவாக்கி, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைக்குறி சேர்த்தார். அந்தக் கைக்குறிகளை ஹங்கேரியில் ஸோல்தான் கோடாய் வழிவந்த ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். தினமும் இசை வகுப்பு நடக்கும் தொடக்கப்பள்ளி ஒன்று கோடாய் பிறந்த ஊரான கெச்கெமேத்தில் 1950-ல் தொடங்கியது. ஜெர்மனியில் கார்ல் ஓர்ஃப், சின்னப் பிள்ளைகள் அடித்தால் தப்பு ஸ்வரமே வராதபடி, வேண்டாத கட்டைகளைக் கழற்றி வைக்கிற சைலஃபோன்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். ஜப்பானில் ஷினிச்சி சுஸுகி போர் முடிந்த கையோடு 1946-ல் மத்சுமோத்தோவில் மூணு நாலு வயசுப் பிள்ளைகள் கையில் குட்டி வயலினைக் கொடுத்தார். நோட்டைப் படிக்கிறது அப்புறம், முதல்ல காதும் கையும்னு சொன்னவர். அவர் வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கிற முதல் மெட்டு, நாமெல்லாம் 'டுவிங்கிள் டுவிங்கிள்'னு பாடுற மெட்டுதான். இந்த மெட்டை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வரும்.

நம்ம தவில் வித்வான்கள் வீட்டுப் பிள்ளைங்க எப்படிக் கத்துக்கிட்டாங்க? பலாமரத்துல குடைஞ்ச தவிலைச் சின்னப் பிள்ளை தூக்கவே முடியாது. அதனால பூவரசங்கம்பு ஒரு கையில, கட்டையில தட்டித் தட்டிச் சாதகம். 'தத் தித் தொம் நம்' வாயால சொல்லணும், அதே நேரத்துல கை அடிக்கணும். விரல்ல கூடு போட்டுத் தோல்ல அடிக்கிற நாள் வர்றதுக்குள்ள கை காய்ச்சிடும். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975) இப்படித் தவில் வீட்டுல பிறந்து, சின்ன வயசிலேயே வாசிக்க வந்து, தமிழ்நாட்டு வித்வான்களே அசந்து நின்ன மேதை. புல்லாங்குழல் மாலி என்ற டி. ஆர். மகாலிங்கம் கதை இன்னும் வேடிக்கை. வீட்டுல வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தாங்க, பையன் தானாகவே குழலை எடுத்து ஊதிக் கத்துக்கிட்டான். 1933-ல மயிலாப்பூர்ல முதல் கச்சேரி. அப்ப வயசு ஏழு, நம்ம ரெக்கோர்டர் பையனை விட மூணு வயசு சின்னவன்.

"அதெல்லாம் சரி, மாலி வாசிச்சது மூங்கில் குழல். இது வெள்ளைக்காரன் பீப்பிதானே?"ன்னு கேப்பீங்க. கோயில்ல டீ குடிக்கும்போது என்கிட்டயும் கேட்டாங்க. இங்கேதான் நம்ம ஊர் உள்ள வருது.

பினாங்கில் பிரான்சிஸ் லைட் கொடி நட்டது 1786. அதே 1786-ல் தஞ்சைப் பக்கம் ஒரு குழந்தை பிறந்தது. பாலுசுவாமி தீட்சிதர், முத்துசுவாமி தீட்சிதரின் கடைசித் தம்பி. குடும்பம் பிறகு சென்னைக்குப் பக்கத்தில் மணலிக்குக் குடிபோனது. ஆதரித்தவர் மணலி முதலியார். அவருக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு பழக்கம், அதனால் கோட்டையில் பேண்டு வாத்தியம் வாசிக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவாராம். பாலுசுவாமிக்கு வயலின் மேல் ஆசை. முதலியார் ஒரு ஐரோப்பியரை வைத்தே அவருக்கு வயலின் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரி உண்டா? அந்தக் கருவி நம்ம இசைக்குள்ள வந்த முக்கியமான வாசல்ல ஒண்ணு அந்தப் பையன் கை.

அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் என்ன செய்தார்? அந்தப் பேண்டு மெட்டுகளைக் காதில் வாங்கி, சம்ஸ்கிருதத்தில் அம்பாள் மேலும் முருகன் மேலும் பிள்ளையார் மேலும் சாகித்தியம் எழுதிப் பொருத்தினார். நோட்டுஸ்வரம்னு பேர். கிட்டத்தட்ட நாற்பது இருக்கின்றன, எல்லாமே சங்கராபரணம். கமகம் கிடையாது, குழப்பமில்லாத நேர் ஸ்வரங்கள், சின்ன அளவு. பிள்ளைகளுக்குன்னே அளந்து தைத்த சட்டை மாதிரி. இன்றைக்கும் சென்னையிலும் அமெரிக்காவிலும் பாட்டு வகுப்புகளில் சின்னப் பிள்ளைகள் இவற்றைக் கும்பலாகப் பாடுகிறார்கள்.

இதில் 'சந்ததம் பாஹிமாம்' என்ற நோட்டுஸ்வரத்தின் மெட்டு எது தெரியுமா? பிரிட்டிஷ் அரசரை வாழ்த்தும் கீதம். அந்தக் காலத்தில் அரியணையில் இருந்தவர் மூன்றாம் ஜார்ஜ். அதாவது நம்ம ஜோர்ஜ் டவுனுக்குப் பேர் கொடுத்த அதே ஜார்ஜ்! நம்ம ஊர்ப் பேருக்குரிய ராஜாவை வாழ்த்தின மெட்டை எடுத்து தீட்சிதர் அம்பாளுக்குச் சாத்திட்டார். 'ச்யாமளே மீனாக்ஷி'யைக் கேளுங்க, 'டுவிங்கிள் டுவிங்கிள்' உள்ள ஒலிக்கும். சுஸுகி பிள்ளைங்க கையில கொடுத்த மெட்டு, அவருக்கு நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே மதுரை மீனாட்சி கால்ல இருக்கு.

முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீவித்யா உபாசகர். ஆசாரத்தில் நம்ம பெரியவரை விடக் குறைந்தவர் இல்லை. அவருக்கே அந்நிய மெட்டு உறுத்தவில்லை.

இனி அந்தப் பீப்பி. பாக், ஹாண்டல் காலத்தில் ஐரோப்பிய மேடைகளில் மரியாதையாக இருந்த மரக்குழல் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வழக்கொழிந்தது. ஓரங்கட்டியது எது என்றால், பக்கவாட்டில் பிடிக்கிற குழல். கண்ணன் பிடிக்கிற மாதிரி! அதற்குச் சத்தம் அதிகம். நூறு வருஷத்துக்கு மேல் மறந்துகிடந்த ரெக்கோர்டரை இங்கிலாந்தில் ஆர்னல்ட் டோல்மெட்ச் என்பவர் உயிர்ப்பித்தார். அவர் வைத்திருந்த பழைய குழலை மகன் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் பையோடு மறந்துவிட்டு வந்துவிட்டான். மனுஷன் உட்கார்ந்து 1919-ல் புதுசாகத் தானே ஒன்று செய்தார். பிள்ளைங்க பொருளைத் தொலைச்சா திட்டிக்கிட்டு இருக்கிற நமக்கெல்லாம் இது ஒரு ஆறுதல். ஜெர்மனியில் பீட்டர் ஹார்லன் விரல் வைப்பைச் சுலபமாக்கி ஒரு வகையைக் கொண்டுவந்தார். 1930-களில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குள் ரெக்கோர்டர் நுழைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக்கில் வார்க்க ஆரம்பித்ததும் விலை இறங்கி, ஏழை வீட்டுப் பிள்ளையும் வாங்குகிற ஒரே வாத்தியமானது.

மலேசியாவில் 1983-ல் கேபிஎஸ்ஆர் பாடத்திட்டம் நாடு முழுக்க வந்தபோது தொடக்கப்பள்ளிகளில் இசைக்கல்வி பாடமானது. தேசியப் பள்ளி, சீனப் பள்ளி, தமிழ்ப்பள்ளி எல்லாத்துக்கும்தான். நாலாம் ஆண்டுக்கு மேல ரெக்கோர்டர். இடது கையில மூணு விரல், பின்னால கட்டைவிரல், அதுல மூணு ஸ்வரம், அங்கேருந்து ஆரம்பம். நான் படிச்ச காலத்துல எங்க வாத்தியார் நோட்டுப் புத்தகத்துல ஐந்து கோடு போடச் சொல்லி, ஸ்வரத்தைத் தாள்ல வரையவச்சே ஒரு வருஷத்தை ஓட்டிட்டார். குழலை ஊதினது பள்ளி முடிஞ்சு பஸ் ஸ்டாப்புலதான். அந்த பஸ் ஸ்டாப்புல கத்துக்கிட்டதுதான் இன்னிக்கும் விரல்ல நிக்குது. தாள்ல வரைஞ்சது ஒண்ணும் நிக்கல.

நம்ம ஊர்ல 1929-ல பிறந்த பி. ரம்லியையே எடுத்துக்குங்க. சின்ன வயசுல கையில கிடைச்சது உகுலேலே, அப்புறம் கித்தார், வயலின். கம்பத்துல பேண்டு வாத்தியம் நடத்தின கமாருடின்கிட்ட முறையாக் கத்துக்கிட்டார். நாட்டுக்கே பெரிய கலைஞன் இந்தத் தீவிலிருந்து வந்தது இப்படிக் கையில ஏதோ ஒண்ணை வச்சுத் தட்டிக்கிட்டும் மீட்டிக்கிட்டும் இருந்ததாலதான்.

நம்ம பக்கம் என்ன இருக்குன்னு பார்த்தேன். தைப்பூசத்துல வெள்ளிரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில்வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குக் கிளம்பும்போது நாதஸ்வரம் தவில் முன்னால போகும். வாசிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க எங்கிருந்து வர்றாங்க? தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும். அவங்க கலைக்குத் தலைவணங்குறேன். ஆனா 1801-ல குயின் ஸ்திரீட்டுல மாரியம்மன் கோயிலுக்கு நிலம் வாங்கி உக்காந்த சமூகம் நாம. இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் மேளத்துக்குப் பெர்மிட் போட்டுக்கிட்டு இருக்கோம். உருமி அடிக்கிற பசங்க இருக்காங்க, அவங்களுக்கு எந்த வகுப்பும் யாரும் நடத்தல. அண்ணன் அடிக்கிறதைப் பார்த்துத் தம்பி கம்பை வளைச்சுத் தேய்ச்சுக் கத்துக்கிட்டது. சினிமாப் பாட்டு அடிக்கிறாங்கன்னு திட்டுறோம், சில நேரம் நியாயமாத்தான் திட்டுறோம். ஆனா வேற எதையாவது அவங்க கையில கொடுத்தோமா?

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாள். அப்புறம் பல மாசம் எங்க கோயில்ல மேளக்காரர் இல்ல, ஊருக்குப் போனவங்க திரும்ப முடியல. தீபாராதனை நேரத்துல சுவிட்சைப் போட்டா மோட்டார் ஓடி மணியும் முரசும் தானா அடிக்குமே, அந்த மிஷின்தான் வாசிச்சது. ஒரு நாள் குருக்கள் ஐயா சுவிட்சை அணைச்ச பிறகு வந்த அமைதியில நின்னுக்கிட்டு இருந்தேன். கோயில் முழுக்க ஒரு மனுஷக் கை தட்டின சத்தம் இல்ல. அன்னிக்கு அதைப் பெருசா நினைக்கல. போன நவராத்திரிக்கு அப்புறம்தான் அது திரும்ப ஞாபகத்துக்கு வந்துச்சு.

மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவால எத்தனையோ பிள்ளைங்களுக்குத் தேவாரம் மனப்பாடம் ஆச்சு, பெரிய தொண்டு அது. டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் 1981-லிருந்து இந்த நாட்டுல பரதமும் மிருதங்கமும் வீணையும் சொல்லிக்கொடுத்து வருது. அந்த வகுப்புகளுக்கு எல்லாப் பிள்ளையும் போக முடியாது, வண்டி வசதி வேணும், பெத்தவங்களுக்கு நேரம் வேணும். நம்ம கோயிலுக்கு நடந்தே வர்ற பிள்ளைகளைப் பத்திதான் நான் பேசுறேன். அவங்க பள்ளிப் பையில ஏற்கனவே ஒரு வாத்தியம் இருக்கு.

அதனால போன மாசம் கமிட்டியில பேசினேன். சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மண்டபத்துல ஒரு மணி நேரம். முதல் பத்து நிமிஷம் தேவாரம், கையில தாளத்தோட. அடுத்து தவில் அண்ணன் வந்து கட்டையில தட்டச் சொல்லிக்கொடுக்க ஒத்துக்கிட்டார், கம்பு அவரே கொண்டுவர்றார். கடைசியில ரெக்கோர்டர் வச்சிருக்கிற பிள்ளைங்க 'ச்யாமளே மீனாக்ஷி' வாசிக்கணும். மெட்டு அவங்களுக்கு ஏற்கனவே தெரியும், பாலர் பள்ளியிலேயே பாடினதுதான். வயசு ஏழிலிருந்து பன்னிரண்டு. கட்டணம் இல்ல. ஜால்ரா பத்து ஜோடி வேணும், வீட்டுல சும்மா கிடந்தா கொடுங்க. ரெக்கோர்டர் வாசிக்கத் தெரிஞ்ச அக்கா தங்கச்சி யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க, என் விரல் மூணு ஸ்வரத்துக்கு மேல போகாது.

கமிட்டியில நான் பேசி முடிச்சதும் அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. சம்பந்தர் தாளம் வாங்கின கதையை அவர் எனக்கு முன்னாடியே ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அப்புறம், "அந்தப் பையன் வீடு உனக்குத் தெரியுமாப்பா?"ன்னு கேட்டார். தெரியும்னு சொன்னேன். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் போனோம். பையன் டியூஷனுக்குப் போயிருந்தான். அம்மாதான் இருந்தாங்க. ரெக்கோர்டர் டிவி பக்கத்துல கிடந்துச்சு. வர்ற சனிக்கிழமை அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க.